பேனாவில் வரைந்த பெண் படம்: முன்வரைவா, தனிப்படமா?

கேள்வி: ரொமான்டிக் கால (18-ஆம் நூற்றாண்டின் கடைசி, 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி) ஐரோப்பிய ஓவியர்கள் பேனாவில் வரைந்த பெண் படங்கள் எல்லாமே பெரிய ஓவியத்துக்கான முன்வரைவுதானா? பார்த்ததும் எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாமே இல்லை. முன்வரைவு என்றால் பெரும்பாலும் அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் ‘சர்தனபாலஸின் மரணம்’ (1827) ஓவியம் கிட்டத்தட்ட நாலு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம். அதற்காக அவர் பேனாவிலும் பழுப்பு மையிலும் வரைந்து பார்த்த தாள்கள் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே தாளில் உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். முகத்துக்கு ரெண்டு கீறல் போதும்; இடுப்பு எங்கே வளைகிறது, கை எப்படித் தொங்குகிறது என்பதில்தான் அவர் கவனமெல்லாம். மை அழியாதே, அதனால் தேடிப்பார்த்த கோடு, பிடித்துப்போன கோடு எல்லாம் சேர்ந்தே நிற்கும். சதையின் நிறம் பார்க்க வேண்டி வந்தபோது பேனாவை வைத்துவிட்டு பாஸ்டல் வண்ணக்குச்சியை எடுத்திருக்கிறார்.

இதற்கு நேர் எதிர் ஃபூஸ்லி. ஜூரிக்கில் 1741-இல் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர், ‘துர்க்கனவு’ என்ற ஓவியத்தை வரைந்த ஆள். 1788-இல் சோஃபியா ராலின்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் படங்களில் கண் முதலில் போவது தலைமுடிக்குத்தான். சுருள் சுருளாக அடுக்கி, தூக்கிக் கட்டி, முகத்தைவிடப் பெரிதாக. ஒவ்வொரு சுருளுக்கும் அவ்வளவு பொறுமையாகக் கோடு இழுத்திருக்கிறார். இதில் பெரும்பாலானவை எந்தப் பெரிய ஓவியத்துக்கும் போய்ச் சேரவில்லை. அவர் இருந்தவரை பொதுக் காட்சிக்கும் வைக்கவில்லை. என்னைக் கேட்டால், எண்ணெய் வண்ணத்தில் இருந்ததைவிட இந்தத் தாள்களில்தான் மனிதர் சுதந்திரமாக இருந்தார்.

ஆக, அடுத்த முறை பார்க்கும்போது கோடுகள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள். தோளிலும் முழங்கையிலும் மூன்று நாலு கோடு இருந்தால் ஓவியர் இன்னும் நிலையைத் தேடிக்கொண்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்க மேலே கட்டம் போட்டிருந்தால் கேள்வியே இல்லை, முன்வரைவுதான்.

போன வருடம் மை தொட்டு வரையும் பேனாவில் அக்காவை வரைந்தேன், அப்புறம் பெரிதாக வண்ணத்தில் போடலாம் என்று. மூக்கு சரியாக வரவில்லை. மேலே மேலே போட்டுப் பார்த்தேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்: “எனக்கு எதுக்குடா மூணு மூக்கு?”