தனியாகப் பாடினால் பாட்டாகத் தெரியாத வரி

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் குன்னூரில் சனி, ஞாயிறு இரண்டு நாள் சேர்ந்திசைப் பட்டறை நடக்கிறது, கொயரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தோழி சொன்னாள். மொஸார்ட்டின் ‘ஆவே வேரும் கார்ப்பஸ்’ பாடுகிறார்களாம். நீங்களும் இப்படி ஒன்றில் பாடியதாக எழுதியிருந்தீர்கள். நான் எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவள், கோயிலில் திருப்புகழ் பாடுகிறேன். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. அத்தனை பேர் நடுவில் தப்பாகப் பாடிக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். சர்ச் பாட்டை நீ ஏன் பாட வேண்டும் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். 14 வயது மகள் வயலின் படிக்கிறாள், அவளையும் கூட்டிப் போகலாமா?

எஸ்., மேட்டுப்பாளையம்

அன்புள்ள எஸ்.,

போங்கள். தயங்கவே வேண்டாம்.

நோட்டேஷன் பயம்தான் எல்லாருக்கும் முதலில் வருகிறது. நான் போன பட்டறையில் என் பக்கத்தில் நின்றவர் பாளையங்கோட்டைக்காரர், ஓய்வுபெற்றவர், சின்ன வயதில் சர்ச்சில் டோனிக் சால்ஃபா எழுத்துகளை (நம் ஸரிகம மாதிரி ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) வைத்தே நாலு பார்ட்டும், அதாவது நாலு குரல்களுக்கான தனித்தனி வரிகளும், பாடிப் பழகியவர். ஐந்து கோட்டு நோட்டேஷன் அவருக்கும் சரளமில்லை, ஆனால் அவருடைய வரி ஒரு இடத்திலும் தவறவில்லை. உங்களுக்கு ஸரிகம இருக்கிறது. ஒரு தடவை பியானோவில் வாசித்துக் காட்டினால் ஸ்வரமாக உங்கள் காது பிடித்துக்கொள்ளும், அதைத் தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளமான வரியில் பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு இடத்தில் எடுத்தால்தான் கேட்பவருக்குப் பாட்டு அறுபடாமல் போகும். கும்பலாகப் பாடுவதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நாம் கேட்டு வளர்ந்த பாட்டு எல்லாமே ஒரே கோடு. பஜனையில் நூறு பேர் பாடினாலும் எல்லாரும் பாடுவது அந்த ஒரு மெட்டைத்தான். இங்கே மெட்டு பெரும்பாலும் பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோவிடம் இருக்கும். உங்கள் குரலைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே உள்ள பெண்குரலான ஆல்ட்டோவில் நிறுத்தினால், உங்களுக்குத் தரும் வரியைத் தனியாகப் பாடிப் பாருங்கள், பாட்டாகவே தெரியாது. ஒரே ஸ்வரத்தில் நிற்கும், அரை ஸ்வரம் இறங்கும், மறுபடி நிற்கும். நான் பேஸ், ஆண்குரல்களில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது. சனிக்கிழமை காலை முழுக்க ஒரு வகுப்பறையில் நாங்கள் ஒன்பது ஆண்கள் எங்கள் வரியை மட்டும் பாடிக்கொண்டிருந்தோம், இதைப் பாடவா கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்தோம் என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அதுவும் ஜன்னல் வழியாக அடுத்த அறை சோப்ரானோக்களின் மெட்டு கேட்கக் கேட்க, வாய் தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

சாயங்காலம் எல்லாரையும் ஹாலில் சேர்த்தார்கள். எனக்கு இரண்டு கஜம் தள்ளி செல்லோ, அதுவும் கிட்டத்தட்ட எங்கள் வரியையே வாசித்தது, பெஞ்சின் பலகை அதிர்வது காலில் தெரிந்தது. காலையில் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்த அதே ஸ்வரம், மேலே ஆல்ட்டோ வந்து சேர்ந்ததும் வேறு ஸ்வரம் போலக் கேட்டது. நான் எதையும் மாற்றிப் பாடவில்லை. அந்த நிமிஷம் என் சத்தத்தை நானே குறைத்துக்கொண்டேன், அவர்கள் பாடுவது கேட்க வேண்டுமே. நீங்கள் பாடப்போகும் ‘ஆவே வேரும் கார்ப்பஸ்’ மொத்தமே 46 பார் (தாளக் கட்டம்), நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 1791 ஜூனில் மொஸார்ட் எழுதியது, அந்த டிசம்பரிலேயே இறந்துவிட்டார். குரல் தணித்துப் பாடு என்ற குறிப்பை அவரே ஆரம்பத்தில் எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதியில் பெண்கள் முதலில் எடுக்க, ஒரு பார் கழித்து ஆண்கள் அதையே தொடர்ந்து வருவார்கள். அங்கே நீங்கள் காத்திருக்காமல் தைரியமாக எடுத்தால்தான் எங்களைப் போன்ற பேஸ்கள் பின்னால் வர முடியும்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் மட்டும் அந்த இரண்டு நாள் வேண்டாம். உங்கள் பயிற்சியில் குறை என்று யாராவது நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் இசையில் குரலுக்குப் பக்கத்தில் சுருதி மட்டும் இருப்பதால் அது வளையலாம், குழையலாம். இங்கே உங்கள் ஸ்வரத்தை நம்பி இன்னும் மூன்று ஸ்வரங்கள் நிற்கின்றன, நீங்கள் அசைந்தால் நாலும் கலங்கிவிடும்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே வயலின் நம்மிடம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது, அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அவள் ஸ-ப-ஸ-ப என்று சேர்த்த தந்திகளில் பழகியிருப்பாள், அங்கே தந்திகளை மேற்கத்திய ஸ்வரங்களான ஜி, டி, ஏ, இ என்று சேர்ப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தோளில் வைத்து வாசிக்க வேண்டும், விரல் போகும் இடமும் மாறும். இரண்டு நாளில் இதைப் பழகச் சொல்வது குழந்தைக்கு வதை. நடத்துகிறவர்களிடம் முன்னாடியே பேசுங்கள். இந்தத் தடவை அவள் உங்கள் பக்கத்தில் நின்று பாடட்டும், நடுவில் போய் வயலின்காரர்கள் கையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வரட்டும். ஆர்கெஸ்ட்ரா சுருதி சேர்ப்பதைக் கட்டாயம் காட்டுங்கள். ஓபோ என்ற ஊதுகுழல் இருந்தால், எல்லாரும் சேர்த்துக்கொள்ள அது ஏ ஸ்வரம் கொடுக்கும், 440 ஹெர்ட்ஸ், நம் ஊர்களில் ஓபோவுக்கு எங்கே போவது, பியானோதான் கொடுக்கும். மலைக்குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கிவிடும், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறைகிறது, அதனால். குழல்காரர்கள் சத்தம் வராமல் மூச்சை ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டே இருப்பார்கள், அவளுக்கு அது பிடிக்கும்.

வீட்டில் கேட்பதற்கு: அது தேவ வழிபாட்டுப் பாட்டுதான், லத்தீனில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மரியாதையோடு பாடுங்கள். நீங்கள் திருப்புகழ் பாடும்போது ஒரு கிறிஸ்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டால் உங்களுக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கும், அதே மாதிரிதான். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடிக் காட்டுவது வழக்கம், முடிந்தால் அவர்களையும் வரச் சொல்லுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஏறி நேராகப் போய் நிற்காதீர்கள். மலைப்பாதையில் பர்லியார் தாண்டும்போது அடைக்கும் காது சில பேருக்கு மத்தியானம் வரை திறக்காது. வெள்ளிக்கிழமை மாலையே போய்விடுங்கள், ஸ்வெட்டரோடு.