கிழக்குத் திமோரில் ஆறு நாள் – கடிதம்

வணக்கம் அக்கா,

வரும் ஆகஸ்டில் தனியாகக் கிழக்குத் திமோர் போகலாம் என்றிருக்கிறேன். ஏஜென்சி எதுவும் இல்லை. பாலியிலிருந்து இந்தோனேசியப் பக்கத்துத் திமோரில் இருக்கும் கூபாங் போய், அங்கிருந்து தரைவழியே எல்லையைத் தாண்டினால் செலவு மிச்சம் என்கிறார்கள், சரியா? கையில் ஆறு நாள். நாடு கேரளத்தில் பாதிகூட இல்லை என்பதால் ரமேலாவ் மலை, அதாவுரோ தீவு, ஜாக்கோ தீவு மூன்றையும் கவர் பண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன். போர் நடந்த நாடு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பாதுகாப்பு எப்படி? மொழிக்கு ஆங்கிலம் போதும்தானே? மொபைலில் மொழிபெயர்ப்பு ஆப்பும் இருக்கிறது.

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

ஆகஸ்ட் நல்ல மாதம். மழை ஓய்ந்து மலைப்பாதைகள் காய்ந்திருக்கும். ஆனால் கூபாங் வழி வேண்டாம். தலைநகர் டிலியின் விமான நிலையத்தில் இறங்கினால் 30 டாலரை ரொக்கமாகக் கட்டி அங்கேயே விசா வாங்கிக்கொள்ளலாம். தரைவழியே பத்துகாதே எல்லைக்குப் போகிற இந்தியர், திமோர் குடிவரவுத் துறையின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூபாங்கிலிருந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வந்தது வீண். எல்லையின் இந்தோனேசியப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். மூன்று மணிக்கு வந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், திமோர் பக்கம் மணி நான்கு ஆகியிருக்கும். மாலையில் எல்லையை மூடிவிடுவார்கள்.

மிச்சம் பிடிக்கிற கணக்கில் நீங்கள் விட்ட இன்னொன்று இந்தோனேசிய விசா. வந்திறங்கியதும் வாங்குகிற அந்த விசா 5,00,000 ருப்பியா, ஒருமுறை நுழைய மட்டுமே செல்லும். திமோரிலிருந்து பாலி வழியாகத் திரும்பும்போது மறுபடியும் அதே தொகை. விமானத்திலேயே போனாலும் தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியை எடுத்து அடுத்த விமானத்தில் போட, குடிவரவைத் தாண்டி வெளியே வந்தே ஆக வேண்டும். டிக்கெட் விலையை ஒப்பிடும் முன் இந்த இரண்டு தொகையையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

மூன்று இடமும் ஆறு நாளில் நடக்காது. கவர் பண்ணுவது என்ற சொல்லையே விட்டுவிடுங்கள், தம்பி. சுமார் 15,000 சதுர கிலோமீட்டர்தான், உண்மை. ஆனால் அந்த நாட்டின் நடுவே நீளவாக்கில் மலை கிடக்கிறது, வரைபடத்தில் விரல்கடை தூரம் என்பது அங்கே பாதி நாள். டிலியிலிருந்து மவுபிசி 70 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் ரமேலாவ் அடிவாரமான ஹாத்துபுய்லிக்கோ கிராமத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. லாரியில் தொற்றிக்கொள்ளவோ வண்டி பேசிக்கொள்ளவோ வேண்டும். உச்சி 2,963 மீட்டர். சூரிய உதயத்துக்கு மேலே நிற்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். ஸ்வெட்டரும் தலையில் மாட்டும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள்.

ஜாக்கோ நாட்டின் கிழக்குக் கோடி. பவுகாவ், லோஸ்பாலோஸ் வழியாக துதுவாலா போய், அங்கிருந்து செங்குத்தான பாதையில் வாலு கடற்கரைக்கு 8 கிலோமீட்டர் இறங்கி, மீனவர் படகில் கடக்க வேண்டும். அது புனிதத் தீவு, இரவு தங்கக் கூடாது. போய்வர அதற்கே நான்கு நாள். ஆகவே ஜாக்கோவை இந்த முறை விடுங்கள். ரமேலாவுக்கு மூன்று நாள், அதாவுரோவுக்கு இரண்டு. அதாவுரோவின் பெலோய் சந்தை சனிக்கிழமை கூடும், அன்றைக்கு அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள். படகு போகும் கிழமைகள் மாறிக்கொண்டிருக்கும், முந்தின நாளே டிலி துறைமுகத்தில் கேட்டு வையுங்கள்.

போரை நினைத்து வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. உடல்நலத்தைத்தான் பார்க்க வேண்டும். மலேரியா ஒழிந்த நாடு என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. டெங்கு உண்டு, கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். தெருநாயைக் கொஞ்சாதீர்கள், 2024-ல் அங்கே ரேபிஸ் வந்துவிட்டது. முதலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி மொழி. நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்டதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. கடிதத்தை எப்படித் தொடங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாம் சந்தித்ததில்லை, என் வயதுகூட உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ‘அக்கா’. அதை எழுத நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். அதே ஆள் விமானம் ஏறியதும் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று மாறிவிடுகிறார். ஐரோப்பாவில் அதனால் குறையொன்றும் இல்லை. திமோரில் அது கையில் இருப்பதைக் கடலில் போடுவது.

அங்கே முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆணை மாவுன் என்றால் அண்ணன், பெண்ணை மானா என்றால் அக்கா. அப்பா, அம்மா வயதுக்காரர்கள் தியு, தியா. முதியவர் அவோ. சின்னவர்கள் அலின். பஸ்ஸில், சந்தையில், குடிவரவு வரிசையில்கூட இந்த ஒரு சொல் முன்னால் வந்தால் பிறகு நீங்கள் பேசுவது அரைகுறையாக இருந்தாலும் நின்று கேட்பார்கள்.

இன்னும் இருக்கிறது. நாம், நாங்கள் என்று தமிழில் இரண்டு வைத்திருக்கிறோமே, அந்த நாட்டின் பொதுமொழியான தேத்தும்மிலும் அப்படியே. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் இத்தா, சேர்க்காமல் சொன்னால் அமி. இதை விளக்க ஆங்கிலேயருக்கு அரைப்பக்கம் வேண்டும், உங்களுக்கு ஒரு வரி போதும். அந்த இத்தாவேதான் மரியாதையான ‘நீங்கள்’. புதிதாக வந்தவரிடம் “நமக்கு எந்த ஊருங்க?” என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் கேட்பதில்லையா, அதே பணிவு. ஓ என்றால் ‘நீ’. அதைக் குழந்தைகளிடமும் நெருங்கியவர்களிடமும் மட்டும் சொல்லுங்கள். உச்சரிக்கச் சுலபம் என்று ஒரு கிழவரிடம் ஓ போட்டுவிடாதீர்கள்.

வழியில் எதிர்ப்படுகிறவர்கள் “பா நெபே?” என்பார்கள், எங்கே போகிறீர்கள் என்று பொருள். வேவு பார்க்கிறார்கள் என்று மிரண்டு எழுதுகிற பயணிகள் உண்டு. “எங்க கிளம்பிட்டீங்க?” என்று திண்ணையிலிருந்து கேட்கிற குரல்தான் அது. ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். நன்றி சொல்ல, ஆண் ஒப்ரிகாது என்பான், பெண் ஒப்ரிகாதா என்பாள். சொல்கிறவரைப் பொறுத்து மாறும், கேட்பவரைப் பொறுத்து இல்லை. நீங்கள் யாரிடமும் ஒப்ரிகாதுதான். போர்த்துகீசியர் அங்கேயும் இங்கேயும் விட்டுப்போனவை வேறு இருக்கின்றன: மெசா, ஜனெலா, ஷாவே, அர்மாரியு. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி. தங்குமிடத்தில் சாவி கேட்க உங்களுக்கு ஆப் எதற்கு?

எண்களில் மட்டும் கவனம். ஒன்று, இரண்டு தேத்தும்மில் வரும் (ஒன்று என்பது ‘இடா’, மேலே சொன்ன இத்தா வேறு). விலை பெரிதானதும் இந்தோனேசிய மொழிக்கோ போர்த்துகீசியத்துக்கோ தாவிவிடுவார்கள். 1975-க்கு முன் போர்த்துகீசியர் ஆட்சியில் படித்தவர்களுக்குப் போர்த்துகீசியம், பிறகு 1999 வரை இந்தோனேசிய ஆட்சியில் பள்ளி போனவர்களுக்கு இந்தோனேசிய மொழி. ஆங்கிலம் டிலியின் இளைஞர்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். தேத்தும் பலருக்குத் தாய்மொழியே அல்ல. ரமேலாவ் பக்கம் வீட்டில் மம்பாய் பேசுவார்கள். இருந்தும் எல்லோரையும் கட்டுவது தேத்தும்தான். இந்தோனேசிய ஆட்சி போர்த்துகீசியத்தைத் தடுத்தபோது, 1981-ல் கத்தோலிக்கத் திருச்சபை இந்தோனேசிய மொழிக்கு மாறாமல் தேத்தும்மை வழிபாட்டு மொழியாக எடுத்துக்கொண்டது. அடிபட்ட காலத்தில் வாயில் வைத்துக் காப்பாற்றிய மொழி. அதில் நாலு சொல் கற்றுக்கொள்ள உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா?

டிலியில் சாந்தா குரூஸ் கல்லறைக்குப் போங்கள். 1991 நவம்பர் 12 அன்று ஊர்வலமாக வந்தவர்களை இந்தோனேசியப் படை சுட்ட இடம். அங்கே அவோ ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தால் கேமராவை எடுக்காதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

முதலைக்கும் அதே அவோதான் பெயர். தன்னைக் காப்பாற்றிய சிறுவனுக்காக முதலையொன்று தீவாகக் கிடந்தது, அவன் சந்ததிதான் தாங்கள் என்பது அவர்கள் கதை. அதனால் அவோ லாஃபாயெக், முதலைப் பாட்டன். பாட்டன் உப்புநீர் முதலை, ஆளைக் கொல்லும். ஆற்று முகத்துவாரம், அலையாத்தி ஓரம், விடியலும் அந்தியும் வேண்டவே வேண்டாம். மற்ற கரையிலும் இறங்குமுன் மீனவரிடம் கேளுங்கள்: “மாவுன், இஹா லாஃபாயெக் கா லாயே?” முதலை இருக்கிறதா இல்லையா. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யாமல் கடலில் கால் வைக்காதீர்கள்.

பணம் அமெரிக்க டாலர்தான். 2006-க்கு முன் அச்சான தாளையும் ஓரம் கிழிந்ததையும் வாங்க மறுப்பார்கள். ஊரில் மாற்றும்போதே 1, 5 டாலர் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். டிலிக்கு வெளியே ஏடிஎம்மை நம்ப வேண்டாம். சில்லறை மட்டும் அவர்களுடைய சென்டாவோ நாணயம், வேறெங்கும் செல்லாது, கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள். டிலிக்குள் சுற்ற மிக்ரோலெத் என்ற சிறு வேன்கள் ஓடும், எண்ணைப் பார்த்து ஏறுங்கள். இருட்டினால் கிடைக்காது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கம்பியில் நாணயத்தால் தட்டினால் நிறுத்துவார். இறங்கிப்போய் ஜன்னல் வழியாக அதே நாணயத்தைக் கொடுத்து, ஒப்ரிகாது மாவுன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா