உங்கள் முறை வராதபோது என்ன செய்கிறீர்கள்? போர்டு கேம் கேள்வி பதில்

கேள்வி: சீட்டும் சதுரங்கமும் தவிர வேறெதுவும் ஆடியறியாத நான்கு பேர் நாங்கள். கட்டான் வாங்குவதா, டிக்கெட் டு ரைட் வாங்குவதா என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: டிக்கெட் டு ரைட்டில் ஆரம்பியுங்கள். உங்கள் முறை வந்தால் செய்யக்கூடியவை மூன்றே மூன்றுதான்: வண்ணச் சீட்டு எடுக்கலாம், கையில் சேர்ந்த சீட்டுகளைப் போட்டு இரண்டு ஊர்களுக்கு நடுவே ரயில் பெட்டிகளை அடுக்கலாம், இல்லையென்றால் புதிய டிக்கெட் (இன்ன இரண்டு ஊர்களை இணை என்று சொல்லும் சீட்டு) எடுக்கலாம். இதில் ஒன்றைச் செய்ததும் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், இரண்டாவது சுற்றிலேயே எல்லாருக்கும் பிடிபட்டுவிடும். 2004-ல் ஆலன் ஆர். மூன் உருவாக்கிய ஆட்டம் இது. ஜெர்மனியில் ஆண்டுக்கு ஒரு முறை தரும் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது அதே ஆண்டு இதற்குக் கிடைத்தது.

பலவீனமும் உண்டு. இரண்டு ஊர்களை இணைக்க ஆறு பெட்டி நீளமுள்ள ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, நீங்கள் ஐந்து சீட்டு சேர்த்துவிட்டு ஆறாவதுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் திட்டம் எதுவும் தெரியாமலேயே அந்த வழியைப் பிடித்துவிடலாம். சுற்றிப்போக முடிந்தால் சரி. முடியாவிட்டால் நிறைவேறாத டிக்கெட்டின் மதிப்பு முழுவதும் உங்கள் கணக்கிலிருந்து கழியும். முதல் ஆட்டத்திலேயே இது நடந்தால் சிலருக்கு மனசு விட்டுப்போகும். ஆனாலும் தோற்றது ஏன் என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரியும் என்பதால் பெரும்பாலும் இன்னொரு ஆட்டம் கேட்பார்கள்.

ஆட்டமாகப் பார்த்தால் எனக்குக் கட்டான்தான் ஒரு படி மேல். 1995-ல் கிளவுஸ் டாய்பர் அதைக் கொண்டுவந்தபோது செய்த ஒரு காரியத்தை இன்றைக்கும் வியந்து சொல்வேன்: யார் பகடை உருட்டினாலும், அந்த எண் போட்ட நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பு வைத்திருக்கும் எல்லாருக்கும் பொருள் சீட்டு கிடைக்கும். அதனால் அடுத்தவர் முறையிலும் உங்கள் கண் பகடை மேல்தான் இருக்கும். அதோடு "ஒரு செங்கல் கொடு, இரண்டு கம்பளி தருகிறேன்" என்கிற பேரம் வேறு ஓயாமல் நடக்கும். மேசை கலகலவென்று இருக்கும். எந்த ஆட்டத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், முறை வராதவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை.

அப்படியிருந்தும் புதியவர்களுக்குக் கட்டானை முதலில் கொடுக்கத் தயங்குகிறேன். ஆட்டம் தொடங்கும் முன்பே ஆளுக்கு இரண்டு குடியிருப்பு வைக்க வேண்டும், எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. விவரம் தெரியாமல், அபூர்வமாக விழும் 3-லும் 11-லும் வைத்துவிட்டவர் அடுத்த ஒரு மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார், பேரம் பேசவும் அவரிடம் ஒன்றும் இருக்காது. எங்கள் மேசையில் புதிதாக வந்த ஒருவர் ஏழு சுற்று ஒரு சீட்டுகூட எடுக்காமல் இருந்ததைப் பார்த்தேன். மற்றவர்கள் கை நிறையச் சீட்டோடு பேசிக்கொண்டிருக்க, அவர் தன் சாலைக் குச்சிகளை வரிசையாக அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். அதற்குப் பிறகு அவரை மேசைக்குக் கூப்பிடவே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

கேள்வி: பகடை இருந்தாலே அது அதிர்ஷ்ட விளையாட்டுதானே? திறமைக்கு அங்கே என்ன வேலை?

பதில்: அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துவதோடு சரி என்றால் நீங்கள் சொல்வது நியாயம். கட்டானில் முடிவெடுத்த பிறகுதான் பகடை வருகிறது. இரண்டு பகடைக்கு மொத்தம் 36 சேர்க்கைகள், அதில் 6-க்கு ஐந்து, 8-க்கு ஐந்து, 2-க்கும் 12-க்கும் தலா ஒன்றே ஒன்று. இது தெரிந்து இடம் பிடிப்பவர் பத்து ஆட்டத்தில் தெரியாதவரைவிட அதிகம் ஜெயிப்பார். ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்கவும் செய்வார், அது வேறு விஷயம். 7 விழுந்தால் திருடன் வருவான், ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் திருப்பிப் போட்டுவிட வேண்டும், ஆகவே எவ்வளவு சேர்த்துவைப்பது என்பதும் ஒரு கணக்கு. அதிர்ஷ்டம் துளியும் இல்லாத ஆட்டத்தில் பழகியவரே மறுபடி மறுபடி ஜெயிப்பார், புதியவருக்கு வாய்ப்பே இருக்காது. பல வயதினர் சேர்ந்து உட்காரும் மேசையில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எல்லாரும் ஒரே அணியாக ஆடலாம் என்று பேண்டமிக் வாங்கினோம். எங்களில் ஒருவர் எல்லாருடைய முறையையும் தானே ஆடுகிறார். "நீ அங்கே போ, நீ அந்தச் சீட்டை அவளிடம் கொடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நாங்கள் காயை நகர்த்துகிறோம், அவ்வளவுதான். இது ஆட்டத்தின் குறையா, ஆளின் குறையா?

பதில்: இரண்டும்தான், ஆனால் ஆட்டத்தின் பங்கு அதிகம் என்பேன். 2008-ல் மேட் லீகாக் உருவாக்கிய பேண்டமிக், கூட்டாக ஆடும் ஆட்டங்களைப் பரவலாக்கியதில் முக்கியமானது. நான்கு நோய்கள் உலகம் முழுக்கப் பரவும், ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்திறமை, முறைக்கு நான்கு செயல். நோயைக் குறிக்கும் கட்டைகள் மூன்று இருக்கும் நகரத்தில் நான்காவது வைக்க வேண்டி வந்தால் நோய் வெடித்து, இணைந்திருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கட்டை போகும். பக்கத்து ஊரிலும் மூன்று இருந்தால் அதுவும் வெடிக்கும். அந்த ஒரு நிமிடம் மேசையைச் சுற்றி அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், அந்தப் பதற்றத்தை வேறு ஆட்டத்தில் பார்ப்பது அரிது.

ஆனால் பலகையில் நடப்பதெல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, தோல்வியும் எல்லாருக்கும் பொது. அப்படியிருக்கும்போது நன்றாகக் கணக்குப் போடுகிறவர் வாயை மூடிக்கொண்டிருக்க ஆட்டத்தில் ஒரு காரணமும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசையில் சொல்கிறார். முதலில் அவரிடம் நேரடியாகப் பேசிப் பாருங்கள்: யாருடைய முறையோ அவர் கேட்டால் மட்டும் யோசனை சொல்வது என்று ஒரு ஒப்பந்தம். பாதி மேசைகளில் இதுவே போதும்.

போதவில்லையென்றால் ஆட்டத்தை மாற்றுங்கள். ஹனாபி என்ற கூட்டுச் சீட்டாட்டத்தில் உங்கள் சீட்டுகளை நீங்கள் பார்க்கவே முடியாது. முகம் மற்றவர்கள் பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும், அவர்கள் தரும் அளவான குறிப்புகளை வைத்துத்தான் ஆட வேண்டும். தி க்ரூ என்ற ஆட்டமும் அதே வழிதான்: பிடி எடுக்கும் சீட்டாட்டம், 50 பணிகள், பேசுவதற்குக் கடும் கட்டுப்பாடு. இந்த இரண்டிலும் எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் இருக்க வாய்ப்பில்லை. ஹனாபியின் பலவீனம், முகபாவனையே குறிப்பாகிவிடும். தப்பான சீட்டில் கை வைத்ததும் எதிரில் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் முடிந்தது கதை. கண்டிப்பானவர்கள் ஆடினால்தான் அது சோபிக்கும்.

கேள்வி: வீட்டில் இரண்டே பேர். பெட்டியில் '2 முதல் 4 பேர் வரை' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். ஆட முடியும் என்பதற்கு மட்டும் அது உத்தரவாதம். நன்றாக இருக்குமா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். கார்க்கசான் இருவருக்கு அருமை. நகரமும் சாலையும் புல்வெளியும் வரைந்த 72 டைல்கள், ஒன்றை எடு, வை, வேண்டுமென்றால் ஒரு மீப்பிளை (ஆள் உருவக் காய்) நிறுத்து, முடிந்தது. இருவர் ஆடும்போது எதிராளியின் நகரம் மூடாதபடி குறுக்கே டைல் வைக்கிற சண்டை சுவாரசியமாகிறது, ஐந்து பேர் என்றால் உங்கள் முறை வருவதற்குள் பலகையே மாறிப்போயிருக்கும். புல்வெளியில் படுக்கவைக்கும் மீப்பிள்களுக்கு, அதாவது விவசாயிகளுக்குப் புள்ளி கணக்கிடுவதுதான் அதில் தலைவலி, முதல் இரண்டு ஆட்டத்தில் அவர்களை விட்டுவிட்டே ஆடுங்கள்.

வண்ண ஓடுகளை மாறி மாறி எடுத்து அவரவர் பலகையில் அடுக்கும் அசூலும் அப்படித்தான். நான்கு பேரிடம் எது மிஞ்சும் என்று கணிக்க முடியாது, இருவர் என்றால் சதுரங்கம் மாதிரி முன்கூட்டி யோசிக்கலாம். சுற்றின் கடைசியில் வைக்க இடமில்லாத ஐந்து சிவப்பு ஓடுகளை எதிராளி தலையில் கட்டும்படி நகர்த்திவிட்டால் அவருக்கு எட்டுப் புள்ளி கழியும். பார்க்க அழகான ஆட்டம், ஆடக் கொஞ்சம் கொடூரமான ஆட்டம். தோற்றால் கோபித்துக்கொள்பவரோடு ஆட வேண்டாம்.

இருவருக்கென்றே செய்தது வேண்டுமென்றால், துணித் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் பேட்ச்வொர்க். அதில் நேரப் பாதையில் யார் பின்தங்கியிருக்கிறாரோ அவருக்கே முறை. ஒருவர் பெரிய துண்டை எடுத்து முன்னால் போய்விட்டால் மற்றவர் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஆடலாம். என்ன, பல தடவை ஆடியவரைப் புதியவர் ஜெயிப்பது கஷ்டம்.

கேள்வி: விங்ஸ்பானைப் புகழ்கிறார்களே என்று ஆடிப் பார்த்தோம். ஆளாளுக்குத் தங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தோம். இதில் என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். எலிசபெத் ஹார்க்ரேவ் 2019-ல் கொண்டுவந்த அந்த ஆட்டத்தில் 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் உண்மையான பறவை பற்றி ஒரு தகவல். நான்கு சுற்றில் 8, 7, 6, 5 என்று மொத்தமே 26 செயல்கள்தான். முதல் சுற்றில் எட்டுச் செயலுக்கும் ஒன்றும் பெரிதாக நடக்காது. கடைசிச் சுற்றில் ஒரே செயலில் வரிசையாக நான்கு பறவைகள் வேலை செய்து முட்டையும் இரையும் சீட்டும் கொட்டும். தன் கையால் கட்டிய ஒன்று ஓட ஆரம்பிப்பதைப் பார்க்கிற அந்த சந்தோஷத்துக்காகத்தான் அதை ஆடுகிறார்கள். அடுத்தவரைத் தொந்தரவு செய்ய வழி குறைவு என்பது சிலருக்குக் குறை, வம்புதும்பு பிடிக்காதவர்களுக்கு அதுவே நிம்மதி. உங்கள் குழு பேச்சை விரும்பும் குழு போலத் தெரிகிறது. கோட்நேம்ஸ் எடுங்கள்: மேசையில் 25 சொற்கள், இரண்டு அணி, தன் அணிக்கான சொற்களைக் கண்டுபிடிக்க ஒற்றைச் சொல்லில் குறிப்பு. குறிப்பு கொடுப்பவர் நெடுநேரம் யோசித்தால் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டிவரும், அதற்கு ஒரு மணல் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய பெட்டி, நூற்றுக்கணக்கான காய்கள் என்று வரும் ஆட்டங்கள் உண்மையிலேயே சிறந்தவையா?

பதில்: சில சிறந்தவை. க்ளூம்ஹேவன் பெட்டியைத் தூக்கவே இரண்டு கை வேண்டும், உள்ளே மாதக்கணக்கில் ஆடக் கதை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் எடுத்து விரிக்கவும் திரும்ப அடுக்கவும் அரை மணி நேரம் ஓடிவிடும், அதே நான்கு பேர் தொடர்ந்து வர வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் குழு கடைசியாக எப்போது மூன்று வாரம் விடாமல் கூடியது என்று நாட்காட்டியைப் பாருங்கள்.