துருக்கியின் அந்தாலியா கடற்கரை: கேளுங்கள், சொல்கிறேன்

வேலை நிமித்தம் துருக்கியின் தெற்குக் கரையில் சில வருடம் இருந்தவன் நான். கிழக்கே சிதே முதல் மேற்கே பதாரா வரை, அந்தாலியா நகரை நடுவில் வைத்து, விடுமுறைக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நெல்லைக்காரன்: அண்ணா, எந்த மாதம் போகலாம்? ஜூலையில் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன்.

முடிந்தால் மாற்றிவிடுங்கள் தம்பி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், சில நாள் 40-ஐயும் தொடும். நெல்லை வெயிலில் வளர்ந்தவருக்கு இது பெரிதில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் இங்கே பார்க்க வேண்டியவை பாதிக்கு மேல் நிழலே இல்லாத கல் இடிபாடுகள். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கற்களுக்கு நடுவே நிற்க முடியாது.

நீச்சல்தான் முக்கியம் என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். அதனால் மே மாதத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், அக்டோபரில் வெயில் தணிந்த பிறகும் தண்ணீர் இதமாக இருக்கும். நடை, மலை, இடிபாடு என்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மேற்குப் பக்கத்துச் சின்ன ஊர்களில் பல விடுதிகளும் படகுகளும் ஓய்வில் இருக்கும்.

லண்டன் அக்கா: தம்பி, பெலெக்கில் எல்லாம் உள்ளடங்கிய ஹோட்டல் ஒரு வாரத்துக்குப் போட்டாச்சு. பிள்ளைகளுக்கு 9, 12 வயது. வெளியே போக ஏதாவது இருக்கா, இல்லை நீச்சல்குளமே கதியா?

அக்கா, அந்த வகை ஹோட்டல்களில் ஒரு சிக்கல்: சாப்பாடு, குளம், கடல் எல்லாம் உள்ளேயே இருப்பதால் வாசல் தாண்ட மனசு வராது. ஆனால் பெலெக்கைச் சுற்றித்தான் நல்ல இடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. மூன்று அரை நாள் ஒதுக்குங்கள், போதும்.

முதலில் அஸ்பெந்தோஸ். ரோமப் பேரரசர் மார்கஸ் ஒரேலியஸ் காலத்தில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், ஸெனோன் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய ரோமானிய அரங்கம். மற்ற ஊர்களில் மேடைக்குப் பின்சுவர் இடிந்து படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கே பின்சுவர் முழு உயரத்துக்கு அப்படியே நிற்கிறது. பிற்காலத்தில் செல்ஜூக் என்ற துருக்கிய அரச மரபின் சுல்தான்கள் இதைப் பழுதுபார்த்து மாளிகையாகப் புழங்கியதும் அதற்கு ஒரு காரணம். ஒரு பிள்ளையை மேடை நடுவில் நிறுத்திச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள், இன்னொன்றை உச்சிப் படிக்கு அனுப்புங்கள். அதற்கப்புறம் வரலாற்றுப் பாடம் எதுவும் நீங்கள் நடத்த வேண்டியதில்லை. 1994 முதல் இங்கே ஓபெரா, பாலே விழாவும் நடக்கிறது. உங்கள் தேதியில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது பெர்கே என்ற பழைய நகரம். தூண்கள் வரிசையாக நிற்கும் நெடுந்தெரு, நடுவில் ஒரு நீர்க்கால்வாய். தண்ணீர் ஓடிய காலத்தில் அந்தத் தெரு எவ்வளவு குளுமையாக இருந்திருக்கும் என்று நின்று யோசிக்கலாம். பெரியவனிடம் ஒன்று சொல்லுங்கள்: பள்ளியில் கணக்கு வாத்தியார் நடத்தப்போகும் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் மூன்றுக்கும் கிரேக்கப் பெயரைச் சூட்டிய அப்பொலோனியஸ் இந்த ஊர்க்காரர்.

மூன்றாவது சிதே. அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டி அப்பொல்லோ கோயிலின் ஐந்து தூண்கள். விழுந்து கிடந்தவற்றைச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் நிமிர்த்தி வைத்தார்கள். சூரியன் இறங்கும்போது பளிங்கு நிறம் மாறுவது அழகுதான், ஆனால் அந்த நேரத்தில் கூட்டமும் அதிகம். கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தோல் பைக் கடையும் போலி பிராண்ட் சட்டையும். கண்டுகொள்ளாமல் நடந்துவிடுங்கள்.

கடல்காகம்: மணல் கடற்கரை எங்கே? படங்களில் எல்லாம் கூழாங்கல்லாகத் தெரிகிறது.

படம் பொய் சொல்லவில்லை. அந்தாலியா நகரில் மேற்கே உள்ள கொன்யால்தி முழுக்கக் கூழாங்கல். தண்ணீர் கண்ணாடிபோல் இருப்பதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம், கிளறிவிட மணல் இல்லையே. ரப்பர் காலணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே தெருவோரக் கடைகளில் கிடைக்கும். மணல் வேண்டுமென்றால் நகரின் கிழக்கே லாரா, அல்லது சிதே.

எனக்குப் பிடித்தது பதாரா. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மணல், பின்னால் மணல்மேடுகள், ஹோட்டல் ஒன்றுகூடக் கரையில் கிடையாது. கரெத்தா கடலாமைகள் முட்டையிடும் இடம் என்பதால் இரவில் கடற்கரையை மூடிவிடுவார்கள். கடற்கரைக்குப் போகும் பாதையே பழைய பதாரா நகரின் வழியாகத்தான் போகிறது. பழங்காலத்தில் லிசியா எனப்பட்ட இந்தப் பகுதியின் நகரங்கள் ஒரு கூட்டமைப்பாக இருந்து, ஊரின் அளவுக்கேற்ப வாக்குகள் வைத்துக்கொண்டு முடிவெடுத்தன. அவர்கள் கூடிய மன்றத்தைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் போகிறவர்கள் பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

மேற்குக் கரை ஊர்களான காஷுக்கும் கல்கானுக்கும் நடுவே கபுதாஷ் என்ற சின்னக் கடற்கரை உண்டு. அஞ்சல் அட்டைகளில் வரும் அந்த நீலம் இதுதான். சாலையிலிருந்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள் இறங்க வேண்டும். காலை ஒன்பதுக்குள் போங்கள்.

அம்மாபிள்ளை: அப்பா அம்மா இருவருக்கும் எழுபது வயது, அம்மாவுக்கு மூட்டுவலி. அவர்களை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?

அந்தாலியாவின் பழைய நகரான கலேயிச்சியில் மெதுவாக நடக்கலாம். கி.பி. 130-இல் பேரரசர் ஹாத்ரியன் வந்தபோது கட்டிய மூன்று வளைவு வாயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. தூதென் ஆறு செங்குத்துப் பாறையிலிருந்து நேராகக் கடலில் விழும் அருவியைப் பூங்காவில் நின்றும் பார்க்கலாம், துறைமுகத்திலிருந்து படகில் போயும் பார்க்கலாம். படகே மேல்.

கெமர் பக்கம் தஹ்தாலி மலைக்குக் கேபிள் கார் இருக்கிறது. சில நிமிடத்தில் 2,365 மீட்டர் உச்சி. கீழே வியர்க்கும் நாளிலும் மேலே சால்வை வேண்டும். மேகம் மூடியிருந்தால் பணம் வீண், அதனால் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தெம்ரேயில் புனித நிக்கோலஸ் தேவாலயம் அதிகம் நடக்கத் தேவையில்லாத இடம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலக்கதை இவருடையதுதான். 4-ஆம் நூற்றாண்டில் இங்கே மைராவில் ஆயராக இருந்தவர். 1087-இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் இவருடைய எலும்புகளை எடுத்துப் போய்விட்டார்கள். அருகிலேயே மைராவின் பாறைக் கல்லறைகள். செங்குத்துப் பாறையில் வீட்டு முகப்புகளைப் போலச் செதுக்கியிருப்பதைக் கீழே நின்றே பார்க்கலாம்.

அரைத்தூக்கம்: கெக்கோவாவில் மூழ்கிய நகரத்தின்மேல் நீந்தலாமா?

கூடாது. இடிபாடுகள் இருக்கும் பகுதியில் நீச்சலுக்கும் முக்குளிப்புக்கும் தடை. நிலநடுக்கத்தில் கரை இறங்கியதால் சுவர்களும் படிகளும் தண்ணீருக்குள் போயின. படகிலிருந்தே தெரியும். பக்கத்து விரிகுடாக்களில் குளிக்கப் படகுக்காரர்கள் நிறுத்துவார்கள். எதிரே கலேகோய் என்ற கிராமத்துக்குக் காரில் போக வழியே இல்லை, படகு அல்லது நடைதான். அங்கே கோட்டைக்குள் பாறையைக் குடைந்த ஒரு குட்டி அரங்கமும், தண்ணீரில் நிற்கும் கல் சவப்பெட்டியும் இருக்கின்றன.

சந்தேகசாமி: அணையாத நெருப்பு எரியும் மலை என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா, ஏமாற்றா?

உண்மை. சிராலி ஊருக்கு மேலே யானர்த்தாஷ். பாறை வெடிப்புகளிலிருந்து வரும் மீத்தேன் எரிகிறது. அதில் ஒரு பகுதி, உயிர்ப்பொருள் மக்கி வந்த வாயு அல்ல, பாறையும் நீரும் வினைபுரிந்து உண்டானது. கிரேக்கப் புராணத்தில் நெருப்புக் கக்கும் கிமேரா என்ற மிருகம் இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பகலில் போனால் ஏமாந்ததுபோலத்தான் இருக்கும், சுடர்களே சரியாகத் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சோடு போங்கள். ஏற்றம் சுமார் ஒரு கிலோமீட்டர், படிகள் கரடுமுரடு. சிராலி கடற்கரையிலும் ஆமைகள் முட்டையிடும், அங்கே இரவில் டார்ச் அடிக்காதீர்கள்.

கத்திரிக்காய்: சைவம் சாப்பிடுகிறவள். பட்டினியா?

இல்லவே இல்லை. கீரையோ சீஸோ உருளையோ வைத்துச் சுடும் கோஸ்லெமே ரொட்டி எங்கும் உண்டு. எண்ணெயில் சமைத்து ஆறவைத்துத் தரும் கத்திரிக்காய், பீன்ஸ் வகைகள், தக்காளி முட்டை மெனெமென், அந்தாலியாவுக்கே உரிய எள் விழுது சேர்த்த வெள்ளைப் பயறு பியாஸ். பருப்பு சூப்பில் மட்டும் சில இடத்தில் இறைச்சிச் சாறு இருக்கும், சோற்றிலும் கோழிச் சாறு சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பொதிமூட்டை: கார் ஓட்டத் தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக. விமான நிலையத்திலிருந்து நகருக்கு டிராம் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து கரையை ஒட்டிய டி400 சாலையில் காஷ் வரை பேருந்து போகும். வலப்பக்க ஜன்னல் எடுக்காதீர்கள், கடல் இடப்பக்கம். சின்னத் தூரத்துக்குத் தோல்முஷ் எனப்படும் மினிபஸ், கைகாட்டினால் நிற்கும். சிராலிக்கு மட்டும் நெடுஞ்சாலையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும்.

பாஸ்போர்ட் பாண்டி: இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஈ-விசா உண்டா? காஷுக்கு எதிரில் இருக்கும் கிரேக்கத் தீவுக்கும் போகலாமா?

செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசாவோ வசிப்புரிமையோ இருந்தால் ஈ-விசா கிடைக்கும். இல்லையென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து, கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் விசாதான். அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள், தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் தரகர்கள். மெயிஸ் தீவு படகில் அரை மணிக்குள் வந்துவிடும், ஆனால் அது ஷெங்கன் மண். அந்த விசா இல்லாமல் கரையிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒற்றைச்சொல்: ஒரே ஒரு நாள்தான். எங்கே?

தெர்மெஸ்ஸோஸ். அந்தாலியாவிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம். கி.மு. 333-இல் அலெக்சாந்தர் வந்து பார்த்துவிட்டு, பிடிக்க முடியாமல் விட்டுப்போன மலை நகரம். அரங்கின் படியில் உட்கார்ந்தால் எதிரே மலை, கீழே பள்ளத்தாக்கு. கூட்டம் இருக்காது, கடையும் இருக்காது. பொதுப் பேருந்து மேலே வராது, டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். நல்ல ஷூ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.