மானிட்டரைப் போட்டால் எஃப்.எம். ரேடியோ இரைகிறது. தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. காசைக் கரியாக்காதீர்கள். தங்க முலாம் முனை களிம்பேறாமல் இருக்கத்தான். கேபிளிலிருந்து கசியும் அலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே ஏற்கெனவே ஒருவர் "இந்தக் காலத்துல ரேடியோவா? தூக்கிப் போடுங்க" என்று பதில் எழுதி, அதற்கு லைக்கும் வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்ததும்தான் கை அரித்தது.

உங்கள் வீட்டில் 19 அங்குலப் பழைய மானிட்டர், அதே மேசையில் ரேடியோ, கேட்பவர் வீட்டுப் பெரியவர். அப்படித்தானே? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மாமனாருக்குக் காலையில் ஹலோ எஃப்.எம். 106.4 ஓடியாக வேண்டும். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் 'கொர்ர்' என்று ஆரம்பிக்கும். "மாப்பிள்ளை, நீங்க வேலை பார்க்கிறது தெருவுக்கே கேக்குது" என்பார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பார். ரேடியோவில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் மானிட்டர் 1440×900 புள்ளிகள், 60 ஹெர்ட்ஸ். படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்பத் தாளம் போடும் துடிப்புக்குப் பிக்சல் கிளாக் என்று பெயர். அந்த அளவுக்கு வழக்கமான பிக்சல் கிளாக் 106.5 மெகாஹெர்ட்ஸ். டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. கேபிளில் அந்தக் கிளாக்குக்கென்றே தனியாக ஒரு ஜோடிக் கம்பி உண்டு. ஆக, மாமனாரின் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீட்டிலேயே நான் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தேன். கிளாக் ஒரே சீரான அலை என்பதால், ரேடியோவை நேராக 106.5-க்குத் திருப்பினால் இரைச்சல்கூட இல்லாமல் ஊமையாகிவிடும். மானிட்டரைத் தூங்க வைத்தால் அந்த இடத்தில் பழையபடி 'உஷ்' திரும்பும். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

ஜோடிக் கம்பியில் எதிரெதிராக ஓடும் சிக்னல்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுமே, எப்படிக் கசியும் என்று யாராவது கேட்பீர்கள். ஏட்டில் சரி. ஜோடியில் ஒன்று துளி முந்தினாலோ பிந்தினாலோ மிச்சம் கேபிளின் ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை, மேல் ஓட ஆரம்பிக்கும். ஒரு மீட்டர் கேபிளில், 50 மெகாஹெர்ட்ஸில், வெறும் 5 மைக்ரோஆம்பியர் அப்படி ஓடினாலே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. வீட்டுச் சாதனங்களின் கசிவுக்கு வைத்திருக்கும் கிளாஸ் பி வரம்பைத் தொட்டுவிடும். இன்னொன்று, அந்த வரம்பு 3 மீட்டர் தள்ளி அளப்பது. எங்கள் வீட்டு ரேடியோ ஒரு முழம் தள்ளி இருந்தது. வரம்புக்குள் இருக்கிறது என்று மானிட்டருக்குப் பின்னால் எத்தனை ஸ்டிக்கர் இருந்தாலும் அவ்வளவு கிட்டத்தில் அதற்கு மதிப்பில்லை.

கேபிளை அறுத்தே பார்த்துவிட்டேன். உள்ளே அலுமினியத் தாள், அதை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி. மேலே கம்பிப் பின்னலே கிடையாது. அந்தக் கம்பியை முறுக்கி, கனெக்டரின் உலோகக் கூட்டில் ஒரே ஒரு புள்ளியில் ஈயம் வைத்திருந்தார்கள். ஷீல்டு கூட்டைச் சுற்றிலும் முழு வட்டமாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கம்பிதானே என்று நினைக்காதீர்கள், 100 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 6 ஓம். அந்த வழியாகத்தான் எல்லாம் வெளியே வருகிறது.

கேபிளில் குண்டாக ஒரு உருளை இருக்குமே, அதற்குள் ஃபெரைட் இருக்க வேண்டும். ஷீல்டு மேல் ஓடும் அந்த மிச்சத்தைத் தடுக்கும் காந்தப் பொருள் அது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய இன்னொரு கேபிளின் குண்டில் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. வெறும் பிளாஸ்டிக்! ஃபெரைட் என்றால் காந்தம் ஒட்டும். கடை பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் அப்படி என்றும் சொல்லவில்லை. பிறகு கிளிப் மாதிரித் திறந்து மூடும் ஃபெரைட் வாங்கி, கேபிளை இரண்டு சுற்று விட்டுக் கம்ப்யூட்டர் முனையில் மாட்டினேன். ஒரு சுற்றைவிட இரண்டு சுற்றுக்குத் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. படம் கெடாது, ஏனென்றால் ஜோடிக்குள் போகும் சிக்னலை ஃபெரைட் தொடுவதில்லை. இரைச்சல் பெருமளவு அடங்கியது.

மிச்சத்தைத் தீர்த்தது ஓசி வைத்தியம். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் 'ரெட்யூஸ்ட் பிளாங்கிங்' (வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் வெற்று நேரத்தைக் குறைப்பது) டைமிங்கைத் தேர்ந்தெடுத்தால் அதே 1440×900-க்குக் கிளாக் 88.75 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 106.4 பிழைத்தது. 'இது தீர்வே இல்லை, தொல்லையை வேறு இடத்துக்குத் தள்ளுவது' என்று இன்ஜினியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். என் மாமனார் 88.75 கேட்பதில்லை. டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகை மானிட்டர் கேபிள் வைத்திருப்பவர்களும் வர வேண்டாம். அதில் தரவைக் கலைத்து அனுப்புவார்கள், அதன் கணக்கே வேறு.

ரேடியோவைத் தூக்கிப் போடச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் கரண்ட்டும் போய், டவரும் போனபோது எங்கள் வீட்டில் பேசியது இரண்டு பேட்டரி போட்ட அந்த ரேடியோ ஒன்றுதான். கையில் இருந்த போன்களில் எஃப்.எம்.மே இல்லை. அந்த வருடம்தான் மத்திய அரசும் போன் கம்பெனிகளிடம் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்? சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

உங்களுடையது 1920×1080 என்றால் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். பட்டைக்கு வெளியே. அப்போது கேபிளைவிட மானிட்டரின் அடாப்டர்மேல்தான் எனக்குச் சந்தேகம். கேபிளை மட்டும் கழற்றி, மானிட்டர் கரண்ட்டில் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். எந்த ஸ்டேஷனில் இரைகிறது, எல்லா ஸ்டேஷனிலுமா, மானிட்டர் என்ன ரெசல்யூஷன் என்று எழுதுங்கள். பாதி விடை அதிலேயே தெரிந்துவிடும்.