குடத்துக்குக் குயவன், உலகத்துக்கு யார்?

"எந்தப் பொருளுக்கும் செய்தவன் உண்டென்றால் உலகத்துக்கும் ஒருவன் இருக்கத்தானே வேண்டும்? இந்தியத் தத்துவத்தில் இதற்கு மறுப்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நீங்கள் சொல்வது 'நியாயம்' எனப்படும் இந்தியத் தர்க்க மரபின் வாதம்: குடம் ஒரு காரியம், அதாவது ஒரு காரணத்தால் உண்டானது, அதற்குக் குயவன் உண்டு, மலையும் காரியமே, ஆகவே அதற்கும் அறிவுள்ள கர்த்தா வேண்டும்.

7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மகீர்த்தி இதை மடக்கினார். குடமும் மண், கறையான் புற்றும் மண். அதற்காகப் புற்றையும் குயவன் செய்தான் என்பீர்களா? குடம் வனைவதைப் பார்த்திருக்கிறோம், அதனால் குயவனை ஊகிக்கிறோம். மலையை யாரும் செய்து பார்த்ததில்லை. 'காரியம்' என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் ஊகம் செல்லுபடியாகிவிடாது. என் கணக்கில் இந்த விவாதத்தின் பலமான அடி இதுதான்.

வேதத்தைப் பிரமாணமாகக் கொண்ட மீமாம்சை என்ற தத்துவ மரபைச் சேர்ந்த குமாரிலரும் படைப்புக் கடவுளை மறுத்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கருணையால் படைத்தான் என்றால், படைப்புக்கு முன் இரங்குவதற்கு உயிர்கள் ஏது? இரக்கம்தான் காரணமென்றால் துன்பமே இல்லாத உலகையல்லவா படைத்திருப்பான்?

பின்வந்த நியாயவாதியான உதயணர் 'நியாயகுசுமாஞ்சலி' என்ற தம் நூலில் பல வாதங்களை அடுக்கிக் கடவுளை நிறுவ முயன்றார். துன்பத்துக்கு நியாயவாதிகள் தரும் விடை வினை: அவரவர் வினைக்கேற்பவே இறைவன் படைக்கிறான். வினையே எல்லாவற்றையும் தீர்மானிக்குமென்றால் இறைவன் எதற்கு என்ற கேள்வி அங்கே எழும். அறிவற்ற வினை தானாக இயங்காது, இயக்குபவன் தேவை என்பார்கள். தமிழில் சைவ சித்தாந்தமும் ஏறக்குறைய இதே வழியில்தான் வாதிடுகிறது.