மகள் காந்த ஆராய்ச்சிக்குப் போகலாமா? கொழிஞ்சாம்பாறைத் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், நானோபடிகக் காந்தப் பொருள்களில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பி.எட். முடித்துவிட்டால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலேயே தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகிவிடுவாள் என்பது உங்கள் எண்ணம். “பெயரே வாயில் நுழையாத படிப்பை நம்பி எப்படி அனுப்புவது?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மோட்டார் வைண்டிங் கடை நடத்தும் உங்களுக்கு இந்தப் படிப்பில் பாதி ஏற்கெனவே தெரியும்.

மோட்டாரின் உள்ளே ஸ்டாம்பிங் தகடுகளை ஏன் மெல்லியதாக வெட்டி அடுக்குகிறார்கள்? ஒரே கட்டி இரும்பாக இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடேறும். தகடு மெலிந்தால் அந்த இழப்பு குறையும். இன்னோர் இழப்பும் உண்டு. மாறுமின்சாரம் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் இரும்பின் காந்தத்தையும் திருப்பிப்போட வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றலும் வெப்பமாகவே போகிறது. இந்த இரண்டையும் ஒருசேரக் குறைப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் துறையின் ஒரு முக்கியமான கிளை.

1988இல் ஜப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனத்தில் யோஷிசாவாவும் அவருடைய சகாக்களும் ஓர் உலோகக் கலவையை வெளியிட்டார்கள். இரும்பு, சிலிக்கன், போரான் ஆகியவற்றோடு சிறிதளவு நியோபியமும் செம்பும் சேர்ந்தது அது. உருகிய கலவையை வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மீது பீய்ச்சினால், நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து நாடாவாக உறைகிறது. தடிமன் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். நீங்கள் கையாளும் தகடு 0.5 மில்லிமீட்டர் என்றால் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் அணுக்களுக்கு வரிசைப்பட நேரம் இருப்பதில்லை. கண்ணாடி போல ஒழுங்கில்லாமல் நின்றுவிடுகின்றன. பிறகு உலையில் 550 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்குகிறார்கள். செம்பு, படிகங்கள் முளைக்க இடம் அமைத்துக் கொடுக்கிறது. நியோபியமோ அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. கடைசியில் கிடைப்பவை 10 முதல் 15 நானோமீட்டர் அளவுள்ள படிகங்கள். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சாதாரண இரும்பில் படிகம் சிறிதாகச் சிறிதாக, காந்தத்தைத் திருப்புவது கடினமாகும். நானோ அளவுக்கு இறங்கினால் கணக்கு தலைகீழாகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்ட்சர் விளக்கியபடி, அந்த அளவில் திருப்பும் விசை படிக அளவின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. படிகம் பாதியானால் விசை அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும்! இதைப் படித்த பிறகு ஒரு மாணவிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

தீராத சிக்கல்களும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு இடம் அங்கேதான். உங்கள் தகடுகளின் சிலிக்கன் எஃகு ஏறக்குறைய 2 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வரை காந்தப்புலம் தாங்கும். இந்த நாடா சுமார் 1.2 டெஸ்லாவிலேயே நிறைந்துவிடும். உலையிலிருந்து எடுத்தபின் எளிதில் நொறுங்கும். ஸ்டாம்பிங் அடிக்க முடியாது. அதனால் உங்கள் பம்பு மோட்டாருக்குள் இது நாளைக்கே வந்துவிடாது. அதிக அதிர்வெண்ணில் இயங்கும் மின்மாற்றிகள், மின்சார வாகனங்களின் சார்ஜர்கள், மின் இரைச்சலை வடிகட்டும் சுருள்கள் ஆகியவற்றில் இப்போதே இருக்கிறது.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்த ஒரே பொருளை நம்பி இந்தியாவில் வேலைகள் குவிந்து கிடக்கவில்லை. பேராசிரியர் பணியிடங்களுக்கும் போட்டி கடுமை. ஆனால் இதில் கைதேர்ந்தவருக்குக் காந்தத் துறை முழுவதும் கதவு திறக்கும். ஐதராபாத்தில் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஆய்வு மையமும் இருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை, அரிய மண் தனிமங்கள் கலந்த காந்தங்களைச் செய்கிறது. அரிய மண் நிலைக்காந்தங்களை உள்நாட்டிலேயே செய்வதற்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அவை வேறு வகைக் காந்தங்கள்தாம். ஆனாலும் அளக்கும் கருவிகளும் ஆராயும் முறைகளும் பெரும்பாலும் பொது.

செலவைப் பற்றிய உங்கள் கவலையை நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு பெருமளவு தீர்க்கும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. திருமணப் பேச்சை எழுப்பியிருந்தீர்கள். அது அவளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. ‘நானோ’ என்ற சொல்லைப் பலகையில் எழுதிவைத்து, உள்ளே ஒரு நல்ல உலைகூட இல்லாத துறைகள் உண்டு. அங்கே ஐந்து ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு, மாதிரிகளை அளக்க ஊர் ஊராக அலையும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கல்லூரியின் பெயரை விட ஆய்வகத்தையும் வழிகாட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். உலை இருக்கிறதா? எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறதா? காந்தப் பண்பை அளக்கும் வி.எஸ்.எம். கருவி ஓடுகிறதா, மூடிக்கிடக்கிறதா? அந்த வழிகாட்டியிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? இவற்றை அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்க வேண்டும். கூச்சப்படக் கூடாது.

அதற்கு நல்ல வழி, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்து பார்ப்பது. அறிவியல் அகாடமிகள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவள் விண்ணப்பிக்கலாம். கஞ்சிக்கோட்டுப் பக்கம் உள்ள பாலக்காடு ஐ.ஐ.டி., வீட்டிலிருந்து போய்வரும் தூரம்தான். அங்குள்ள இயற்பியல் பேராசிரியர்களுக்கு இப்போதே எழுதட்டும். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற மத்திய அரசு ஆய்வகமும், கொச்சிப் பல்கலைக்கழகமும் அடுத்த இடங்கள். தமிழ்வழியில் படித்ததால் ஆங்கிலத்தில் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலம் குறுகியது. வாரத்துக்கு ஒரு கட்டுரை விடாமல் படித்தால் சில மாதங்களில் பிடிபடும்.

பி.எட்.டை விட்டுத்தான் ஆராய்ச்சியா என்றால், இல்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும், எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. முடிவு மார்ச்சில் வந்துவிடும். கேரளத்தில் பி.எட். சேர்க்கை அதற்குப் பிறகுதான். கொச்சிப் பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதையும் எழுதிவைக்கட்டும். எந்த இடமும் கிடைக்காவிட்டால் பி.எட். விண்ணப்பம் போட அப்போதும் நேரம் இருக்கும். எம்.எஸ்சி. முடித்த பிறகும் பி.எட். சேரலாம். அதுவரை எந்தத் தனியார் கல்லூரிக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.